ஒரு ரைட்டுக்கு மூன்று லெஃப்ட்

என் மகளுக்குப் பதினெட்டு முடிந்த கொஞ்ச நாளிலேயே எல்.எல்.ஆர். வந்துவிட்டது. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் சிவப்பு எல் ஸ்டிக்கர் இரண்டு வாங்கி வந்து, காரின் முன்கண்ணாடியில் ஒன்றும் பின்கண்ணாடியில் ஒன்றும் ஒட்டினாள். பின்னால் ஒட்டியது கோணலாக இருந்தது. பிரித்து நேராக ஒட்டு என்றேன். "கத்துக்கிறவ வண்டி கோணலாத்தான் போகும், இருக்கட்டும்" என்றாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. என்னிடமிருந்து போனதுதான்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் கார் ஓட்டுகிற பெண் ரொம்ப நாளாக நான் ஒருத்திதான். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். என் பிறந்த வீட்டில் கார் ஓட்டிய ஆண்பிள்ளையே கிடையாது. என் கணவருக்கு ஸ்கூட்டர் போதும். நாலு சக்கரம் என்றால் கை கால் ஓடாது. ஆகவே நானே போய்க் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்தேன். சர்ச்சில் எனக்கு 'டிரைவர் அக்கா' என்றே பேர். யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மண்டபத்துக்குச் சீர்த்தட்டு கொண்டுபோக வேண்டும் என்றால் முதலில் என் போன்தான் அடிக்கும். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி காட்டிக்கொள்வேன்.

அந்த டிரைவர் அக்காவைப் பற்றி யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பதினோரு வருஷமாக நான் ரைட் எடுத்ததில்லை.

சந்து பொந்துகளில் எடுப்பேன். எதிரே வண்டி வராத இடத்தில் எனக்கு என்ன பயம்? நான் சொல்வது பெரிய ரோட்டு ரைட். எதிரில் பஸ்ஸும் ஆட்டோவும் டூவீலரும் வந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவே ஓர் இடைவெளி பார்த்துக் குறுக்கே நுழைய வேண்டும். அது என்னால் ஆகாது.

அதனால் எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். சிக்னலில் ரைட் போக வேண்டுமா? போகாதே. நேராகத் தாண்டிப் போ. அடுத்த தெருவில் ஒரு லெஃப்ட், அங்கிருந்து ஒரு லெஃப்ட், இன்னும் ஒரு லெஃப்ட். இப்போது வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்திருக்கும். பச்சை விழுந்ததும் நேராகத் தாண்டிவிடலாம். ஒரு ரைட்டுக்கு மூன்று லெஃப்ட். லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி முழுவதும் எந்த ரைட்டுக்கு எந்த மூன்று லெஃப்ட் என்பது எனக்கு மனப்பாடம்.

கூட வருபவர்கள் கேட்பார்கள்தான். "இன்னாக்கா, சுத்திகினு போறீங்க?" என்றால், "அங்க ஒன்வே பண்ணிட்டாங்க" என்பேன். அல்லது "பைப் போடத் தோண்டி வெச்சிருக்காங்க" என்பேன். பெங்களூரில் இந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாதி நாள் அது நிஜமாகவே இருக்கும். போனில் வழி சொல்கிற அம்மாள் மட்டும் "டர்ன் ரைட், டர்ன் ரைட்" என்று உயிரை வாங்குவாள். அவள் வாயை அடைத்துவிட்டுத்தான் வண்டியையே எடுப்பேன். தங்கவயலுக்கு மட்டும் எப்போதும் ரயில்தான். காரில் போகலாமே என்று கேட்டால், ரயிலில் கால் நீட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

என் கணவர் பதினோரு வருஷமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர். ஒரு வார்த்தை கேட்டதில்லை. ரோடு விஷயம் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மகளை முதலில் டிரைவிங் ஸ்கூலில்தான் சேர்த்தோம். மூன்றாம் நாள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றி வீசினாள். "மாஸ்டர் போன் பேசிகினே இருக்காரும்மா. பிரேக்கும் அவரே, கிளட்சும் அவரே. நான் ஸ்டியரிங்கப் புடிச்சிகினு சும்மா பொம்ம மாதிரி உக்காந்திருக்கேன். நீயே சொல்லிக் குடு. டிரைவர் அக்காதானே நீ?"

எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. அந்த வயதில் எந்தப் பெண் அம்மாவிடம் வந்து சொல்லிக் கொடு என்று கேட்கிறது? வீட்டில் இருக்கிற நேரம் முழுவதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரிபவள். ஆனால் பாத்திரம் துலக்கும்போதுதான் யோசித்தேன். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடலாம். ரைட்டை எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்? சொல்லிக் கொடுக்காவிட்டால் அவளும் என்னைப் போல ஊரைச் சுற்றிக்கொண்டு கிடப்பாள். சொல்லிக் கொடுக்கப் போனால் என் குட்டு உடைந்துவிடும். முதலில் மற்றதெல்லாம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம்.

ஹென்னூர் பக்கம் புதிதாக ஒரு லேஅவுட் போட்டிருந்தார்கள். ரோடு போட்டு, லைட் கம்பம் நட்டு, மனைக்கு மனை நம்பர் கல் நட்டிருந்தார்கள். வீடு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டில் என் கணவர் சாம்பார் வைக்க, நாங்கள் இருவரும் அங்கே போய்விடுவோம். முதல் நாள் வண்டி தவளை மாதிரி துள்ளித் துள்ளி நின்றது. ஒவ்வொரு துள்ளலுக்கும் நான் ஒரு கத்து கத்தினேன். என் பக்கம் பிரேக் இல்லை என்பது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வலது முட்டியில் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

"கிளட்ச விடு. மெதுவா. மெதுவாடீ! பூனக்குட்டிய தரையில எறக்கி விடுற மாதிரி விடு."

"நீ பூனக்குட்டிய எறக்கிவிட்டு நான் பாத்ததே இல்லையே. காலால தள்ளித்தானே வுடுவ."

சிரித்ததில் கால் நழுவி, வண்டி மறுபடி நின்றது. கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்த நாய்கள் இரண்டு எழுந்து வேறு மனைக்குப் போய்ப் படுத்துக்கொண்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று தயங்காமல் சொல்வேன். பாடம் முடிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, பையிலிருந்து நிப்பட்டுத் தட்டையை எடுத்துத் தின்போம். காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ அவள் நிறையப் பேசினாள். காலேஜில் ஒரு தோழி பேசாமல் போனது, அக்கவுண்ட்ஸ் பிடிக்காமல் போனது, தனக்கு மூக்கு பெரிது என்று நினைத்துப் பள்ளிக்கூட போட்டோவில் எல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டது. வீட்டில் கேட்டிருந்தால் "ஒண்ணுமில்ல" என்றிருப்பாள். மூக்கு என் அப்பாவுடையது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

நான்காவது வாரம் ரோட்டுக்கு வந்தோம். பிள்ளை நன்றாகவே ஓட்டினாள். என்னைவிடப் பொறுமை. ஆட்டோக்காரர் குறுக்கே வந்தால் நான் கண்ணாடியை இறக்கித் தங்கவயல் பாஷையில் நாலு வார்த்தை விடுவேன். அவள் ஒதுங்கி, அவரைப் போகவிட்டு, தன் வழியில் போவாள். ஃபிளைஓவர் ஏற்றத்தில் டிராபிக் நின்றபோது, வண்டியைப் பின்னால் ஓர் அங்குலம்கூட உருளவிடாமல் எடுத்தாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

சிக்னல் வந்தால் மட்டும் நான் முந்திக்கொள்வேன். "நேரா போ. இப்ப லெஃப்ட். இன்னொரு லெஃப்ட்." இரண்டு வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தவள், ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, இங்க ரைட் எடுத்தா நேரா வீடுதானே? ஏன் சுத்தறோம்?"

தோண்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ரோடு கண்ணெதிரே மழமழவென்று கிடந்தது. ஒன்வே என்றும் சொல்ல முடியாது. வண்டிகள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தன. வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன்.

"எல் போர்டு வண்டி மெயின் ரோட்டுல ரைட் எடுக்கக் கூடாது. லைசென்ஸ் வந்தப்புறம்தான்."

"எல்.எல்.ஆருக்குப் படிச்சதுல அந்த மாதிரி ஒண்ணும் வரலையே?"

"எல்லாத்தையும் அதுல போட்டுகினு இருப்பாங்களா? இது பெங்களூர் ரூல். டிராபிக் ஜாஸ்தி இல்ல?"

தலையாட்டிக்கொண்டாள். டிரைவர் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அது எனக்கு முள்ளாகக் குத்தியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. லைசென்ஸ் வரட்டும், அதற்கப்புறம் வேறு யாரையாவது வைத்து ரைட் பழக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். டெஸ்ட்டில் எப்படியும் ஆர்.டி.ஓ. மைதானத்துக்குள் எட்டுப் போடச் சொல்வார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் என்பது என் நினைப்பு.

டெஸ்ட் நாளன்று எங்கள் காரையே கொண்டுபோனோம். எட்டு அழகாகப் போட்டாள். ரிவர்ஸில் ஒரு கம்பத்தைக்கூட உரசவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் மற்ற பெற்றோர்களோடு நின்று, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம், அவர் கேட்காமலேயே, "என் பொண்ணுதான், நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வர வேண்டுமாம். கேட் திறந்தது. வண்டி வெளியே போய், சிக்னல் பக்கம் திரும்பியது. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சிக்னல் தெரியும்.

வண்டி சிக்னலில் நின்றது. பச்சை விழுந்தது. நேராகப் போய் மறைந்துவிட்டது.

எனக்குப் பகீரென்றது. அவளுக்கு முன்னால் டெஸ்ட் முடித்துவந்த பையன்கள் எல்லாரும் அந்தச் சிக்னலில் ரைட் எடுத்துப் போனதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றிருந்தேன்? அப்போதெல்லாம் உறைக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து வண்டி இடது பக்கத்துத் தெருவிலிருந்து வெளிவந்தது. சிக்னலை நேராகத் தாண்டி, ரைட் எடுத்தால் எந்த ரோட்டுக்குப் போயிருக்குமோ அதே ரோட்டில் போனது. ஊரே தெரியாத இடத்தில், மூன்று லெஃப்ட்டையும் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் இறங்கியபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, வெறும் திகைப்புதான். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "நான் ரைட் போங்கன்னேன் மேடம். எல் போர்டுக்கு ரைட் கிடையாது சார்னு எனக்கே ரூல் சொல்லுது உங்க பொண்ணு. நான் டெஸ்ட் பண்றதுக்குச் சும்மா கேக்கிறேன்னு நெனச்சாளாம்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "யாரம்மா ஹேள்கொட்டித்து?" என்றார். யார் சொல்லிக் கொடுத்தது?

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"யாரும் இல்ல சார். நானே தப்பா நெனச்சிகினேன்" என்றாள்.

பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். இரண்டு பையன்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் பிள்ளை காது சிவந்து நின்றாள். 'நான்தான் சொன்னேன்' என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். வீட்டுக்கு முந்தைய பெரிய சிக்னல் வந்தது. ரைட் எடுத்தால் இரண்டு நிமிஷத்தில் வீடு. என் கை இண்டிகேட்டர் வரைக்கும் போனது, திரும்பி வந்துவிட்டது. நேராகத் தாண்டினேன்.

லெஃப்ட் எடுத்தேன். "ஒண்ணு" என்றாள்.

அடுத்த லெஃப்ட். "ரெண்டு."

மூன்றாவது லெஃப்ட். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் என் கணவர் மகள் பாஸ் ஆகிவிடுவாள் என்று ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, பாக்ஸை ஓசைப்படாமல் ஃபிரிட்ஜுக்குள் தள்ளினார். மகள் தன் அறைக்குப் போகாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பெயில் ஆனது பேஜார் இல்லம்மா. இன்னொரு தடவ போனா ஆச்சு. ரூல்னு சொல்லி என்ன ஏமாத்தினியே, அதுதான். ஏன்?"

அதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னேன். எனக்கு லைசென்ஸ் வந்த புதிது. அவளுக்கு ஏழு வயது. ஸ்கூலிலிருந்து அழைத்துவரும்போது, அதே பெரிய சிக்னலில் ரைட் எடுத்தேன். நடு ரோட்டில் இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. எதிரே பஸ் வந்தது. பின் சீட்டில் இடது பக்க ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். பஸ் பிரேக் போட்டு நின்றபோது அதற்கும் அந்தக் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை. கண்ணாடியில் பார்த்தால், அவள் தலைக்குப் பின்னால் பஸ்ஸின் முகம்தான் முழுசாகத் தெரிந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காரை விற்றுவிடு என்பார்கள். டிரைவர் அக்கா என்கிற பேர் போய்விடும். அதனால் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டேன்.

சொல்லி முடித்தபோது என் கணவரும் வந்து அவள் பின்னால் நின்றிருந்தார்.

"பஸ் கதை எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா சர்ச்சுக்கு நடந்து போனா பத்து நிமிஷம், உன் கூட கார்ல போனா இருபது நிமிஷம். நான் எப்பவாவது ஏன்னு கேட்டிருக்கேனா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷன் பதினோரு வருஷம் தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்து வந்திருக்கிறார். மகள் சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு மூன்று நாள் என்னோடு அளந்துதான் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கட்டிலருகே வந்து நின்றாள். கையில் கார் சாவி.

"எழுந்திரு. நான் ரைட் கத்துக்கணும். புதன்கிழமை டெஸ்ட்."

"அப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் இருக்காரு, அவர..."

"நீதான் எனக்கு மாஸ்டர். நீ ஒரு தடவ எடுத்துக் காட்டு. பாத்து நான் எடுக்கிறேன்."

நைட்டி மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வழி முழுவதும் ஏதாவது ஒரு ரோட்டைத் தோண்டி வைத்திருக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். எல்லா ரோடும் சுத்தமாகக் கிடந்தது. வேண்டும்போது தோண்டவே மாட்டார்கள்.

பெரிய சிக்னல் வந்தது. இண்டிகேட்டர் போட்டேன். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டது. பச்சை விழுந்தது. வண்டியைப் பாதி தூரம் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிரில் ஒரு டெம்போ போனது. ஒரு ஆட்டோ போனது. இடைவெளி வந்தது. என் கால் கிளட்சிலிருந்து எழும்பவில்லை. இன்னொரு இடைவெளி வந்து போனது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"என்னால முடியாது. நேரா போயிடறேன்" என்றேன்.

அவள் என் கையைத் தொடவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. வலது பக்க ரோட்டைக் கை நீட்டிக் காட்டினாள். "அந்த பேக்கரி தெரியுதா?"

சிக்னலுக்கு அந்தப் பக்கம், வலது ரோட்டின் முனையில் பேக்கரி. அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. பஸ் டிரைவர் கையக் காட்டி, பரவால்ல போங்கன்னார். நீ சாவியத் திருப்பின. ரெண்டு தடவ ஸ்டார்ட் ஆகல. 'சீட்டப் புடிச்சிக்கடீ'ன்னு என்னப் பாத்துக் கத்தின. மூணாவது தடவ ஆச்சு. நேரா அந்த பேக்கரிகிட்ட போய் நிறுத்தி எனக்கு தேங்கா வெச்ச தில்பசந்த் பன் வாங்கிக் குடுத்த. நான் பாதி தின்னுட்டு பாதிய சீட்டுல கொட்டிட்டேன்." நீட்டிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. "அந்த பேக்கரிக்கு ரைட் எடுக்காம எப்பிடிம்மா போயிருப்ப? அன்னிக்கு நீ அந்த ரைட்ட முடிச்சிட்ட."

பதினோரு வருஷம் நான் அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஏழு வயசுப் பிள்ளை, அவள் அம்மா வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து எடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறாள்.

எதிரில் ஒரு பால் வண்டி போனது. அதற்குப் பின்னால் ரோடு காலி. கிளட்சை விட்டேன். "சீட்டப் புடிச்சிக்கடீ!" என்று கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று தெரியாது. வண்டி திரும்பியது. ஸ்டியரிங் கையில் சுழன்று நேரானபோது நாங்கள் பேக்கரி வாசலில் இருந்தோம். வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்து நன்றாக அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு நிம்மதியாக நான் எப்போதும் அழுததில்லை. அவளும் அழுதாள். பேக்கரிக்காரர் ஷட்டரைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் இடம் மாறி உட்கார்ந்தோம். ரைட், ரைட், ரைட் என்று பின் தெருக்களில் சுற்றினால் கிளம்பின ரோட்டுக்கே வந்துவிடலாம். மறுபடியும் அதே சிக்னல். அவள் ஒரு தடவை எடுத்தாள். நான் ஒரு தடவை எடுத்தேன். அவளுக்கு இரண்டாவது தடவையிலேயே படிந்துவிட்டது. எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. "எறங்கு, இப்ப நானு" என்று அவளைத் துரத்தித் துரத்தி இடம் மாற்றிக்கொண்டேன். ஆராதனைக்கு நேரமாகிறது என்று என் கணவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை.

எத்தனையாவது சுற்று என்று தெரியாது, அப்போது டியூட்டிக்கு வந்திருந்த டிராபிக் கான்ஸ்டபிள் குச்சியை நீட்டி நிறுத்தினார். ஜன்னலருகே குனிந்து என் நைட்டியைப் பார்த்தார், எல் ஸ்டிக்கரைப் பார்த்தார், பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரே ரைட்டை எத்தனை தடவைதான் மேடம் எடுப்பீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

"பதினோரு வருஷத்து பாக்கி இருக்கு சார்" என்று நானும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, இண்டிகேட்டரைப் போட்டேன்.